ஒரே ஆப், மூன்று டப்பா

போன ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாவது காபிக்கும் குளியலுக்கும் நடுவில் வசந்தா டீச்சரிடமிருந்து போன். "கொஞ்சம் ஆத்துக்கு வர முடியுமா? லேப்டாப்ல என்னவோ ஆயிடுத்து" என்றார். வழக்கமான கேஸ்தான் என்று நினைத்தேன். சார்ஜர் சொருகியிருக்காது, அல்லது வைஃபை அணைந்திருக்கும். மத்தியானம் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் டீச்சர் குரலைத் தணித்துக்கொண்டு, "லேப்டாப் மட்டும்னா ஞாயித்துக்கிழமை தொந்தரவு பண்ண மாட்டேன்... இவருக்கு எல்லாம் மறந்துண்டே போறது" என்றார்.

குளிக்காமலே கிளம்பிவிட்டேன்.

அபிராமபுரத்திலிருந்து ராஜா அண்ணாமலைபுரத்துக்கு நடந்தே போய்விடலாம். மெட்ரோ வேலைக்கு வைத்திருக்கும் தகரத் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு போவதால், இப்போது அது நடைப்பயிற்சிக் கணக்கிலும் சேரும். வழி நெடுக ஒரே யோசனை. போன வாரம்கூட நன்றாகத்தானே முன்னேறிக்கொண்டிருந்தார்?

'அவர்' என்றால் ராமநாதன் சார். டீச்சரின் கணவர். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். டீச்சர் மந்தைவெளிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு நடத்தி ரிட்டயர் ஆனவர். வீட்டில் கணக்கு டீச்சருடையது, பேச்சு சாருடையது. சாதாரணப் பேச்சா அது? அடையாறுக்கு ஆட்டோ பிடித்தால், இறங்கின பிறகும் ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு மீதிக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போவார். கஸ்டமர் கேர் பெண்களிடம் பேசி, அவர்களாகவே போனை வைக்கும்படி செய்த ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து இவர்தான்.

போன மழைக்காலத்தில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. காலும் கையும் பெரும்பாலும் திரும்பிவிட்டன, வலது கை மட்டும் கொஞ்சம் மந்தம். பேச்சுதான் திரும்பவில்லை. நாம் சொல்வது அத்தனையும் புரிகிறது. டம்ளரைக் காட்டினால் அது என்னவென்று தெரிகிறது, அதில் என்ன குடிப்போம் என்று தெரிகிறது. அதன் பெயர் மட்டும் வாய்க்கு வர மாட்டேன் என்கிறது. அவ்வளவு பேசின மனிதருக்கு இப்படியா என்று எனக்கு இன்றுவரை ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அடையாறில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்மணியிடம் போகிறார்கள். அவர் வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். சொல்லுக்கு ஒரு அட்டை. அதில் ஒரு படம், கீழே அதன் பெயர், அந்தப் பெயரைச் சொல்லும் குரல். படத்தைப் பார்த்து சார் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அந்தச் சொல் சில நாள் கழித்து வரும். சொல்லாவிட்டால் நாளைக்கே திரும்ப வரும்.

இதற்கென்றே ஒரு ஆப் இருக்கிறது. நீட் எழுதுகிற பிள்ளைகள் மனப்பாடம் செய்யப் பயன்படுத்துவது. இலவசம், ஓப்பன் சோர்ஸ். இதை டீச்சருக்குச் சொன்னவன் நான். டீச்சரின் பழைய லேப்டாப்பில் அதற்கும் முன்பே விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவனும் நான். இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்கு என் லினக்ஸ் பைத்தியம் தெரியும். தெரியாதவர்கள் பாக்கியசாலிகள்.

டீச்சர் கதவைத் திறந்தார். பால்கனிப் பக்கம் நாற்காலியில் சார் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வழக்கமாக என்னைக் கண்டால் இடது கையைத் தூக்கி, உதட்டைக் குவித்து, கொஞ்சம் போராடி, "வா" என்பார். அந்த ஒரு எழுத்துக்கு அவர் படும் பாட்டைப் பார்த்தால் நாமும் கூடவே உதட்டைக் குவிப்போம். அன்றைக்குக் கை மட்டும் பாதி தூரம் எழுந்தது. அப்புறம் முகம் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டது.

டீச்சர் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் மெதுவான குரலில் விஷயத்தைச் சொன்னார்.

அந்த ஆப்பின் அடியில் ஒரு பச்சைக் கோடு வரும். சார் கற்றுத் தேறிய சொற்கள் எத்தனையோ அவ்வளவு நீளம். தினமும் காலையில் லேப்டாப்பைத் திறந்ததும் சாரின் கண் முதலில் போவது அந்தக் கோட்டுக்குத்தான். கொஞ்ச நாளாக அந்தக் கோடு ஒரு நாள் நீளமாக இருக்கிறது, மறுநாள் பாதியாகி விடுகிறது, அதற்கும் மறுநாள் வேறு என்னவோ காட்டுகிறது. முந்தாநாள் கஷ்டப்பட்டுச் சொன்ன 'சாவி' இன்றைக்குப் புதுச் சொல் என்று வந்து நிற்கிறது. போன வாரம் சொன்ன 'கொத்தமல்லி' பட்டியலிலேயே இல்லை.

சார் கோட்டைப் பார்த்தாராம். டீச்சர் முகத்தைப் பார்த்தாராம். இடது கையால் லேப்டாப்பை மூடினாராம். அதோடு சரி. அதற்குப் பிறகு பயிற்சியும் இல்லை, பேச்சும் இல்லை. தலையசைப்பதுகூடக் குறைந்துவிட்டதாம்.

"நான்தான் தப்புப் பண்ணிட்டேன்" என்றார் டீச்சர். "கோடு இறங்கினப்போ என் மூஞ்சி மாறித்து. அதை அவர் பார்த்துட்டார். நேத்திக்குச் சொன்னது இன்னிக்கு இல்லேன்னா என்ன அர்த்தம்? எனக்கே பயமா இருக்கு, அவருக்கு எப்படி இருக்கும்?"

பயிற்சி கொடுக்கும் பெண்மணியிடம் போனில் கேட்டிருக்கிறார். அவர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாராம். இந்த மாதங்கள் முக்கியம், அவரே முயற்சியை விட்டுவிட்டால் நாம் யாரும் பேச வைக்க முடியாது என்று. மறுநாள் திங்கட்கிழமை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார். சார் வர மாட்டேன் என்று கையசைத்துவிட்டார்.

நான் லேப்டாப்பைத் திறந்தேன். திரையில் அந்த ஆப்பின் ஐகான் இருந்தது. பக்கத்தில் அதே ஐகான். அதற்கும் பக்கத்தில் அதே ஐகான்.

மூன்று. ஒரே படம், ஒரே பெயர். நான் போட்டது ஒன்றுதானே?

இங்கே கொஞ்சம் பின்னணி தேவை. லினக்ஸ் என்பது ஒன்றல்ல, அதில் ஏகப்பட்ட வகை. ஒரு வகைக்குக் கட்டின பொட்டலம் இன்னொரு வகையில் பிரியாது. ஒரு ஆப் எழுதினவர் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தால் ஆப் எழுத நேரம் ஏது? ஆகவே எல்லா லினக்ஸிலும் ஓடக்கூடிய ஒரே பொதுவான பொட்டலம் வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். மூன்று கோஷ்டிகள் தனித்தனியாக உட்கார்ந்து முடிவு செய்தன. ஆகவே ஒரே பொதுப் பொட்டலம் மூன்று இருக்கிறது.

ஆப்இமேஜ், ஃப்ளாட்பேக், ஸ்நாப்.

ஆப்இமேஜ் என்பது ரயிலுக்குக் கட்டிக்கொண்டு போகும் புளியோதரை. சாதம், புளிக்காய்ச்சல், ஸ்பூன் எல்லாம் ஒரே டப்பாவில். இறக்கி, ஓட அனுமதி கொடுத்து, டபுள் க்ளிக் செய்தால் சாப்பிடலாம். இன்ஸ்டால் கிடையாது. வேண்டாமென்றால் அந்த ஒரு ஃபைலை அழித்தால் போதும். நான் இந்தக் கட்சி.

ஃப்ளாட்பேக் மெஸ் சாப்பாடு. முதல் ஆப் வரும்போது அடுப்பு, அண்டா, பாத்திரம் என்று பெரிய சாமானெல்லாம் கூடவே வந்து இறங்கும். அடுத்தடுத்து வருகிற ஆப்கள் அதையே பகிர்ந்துகொள்ளும். ஒவ்வொரு ஆப்பும் தன் இலையில் மட்டும்தான் கை வைக்கலாம். பக்கத்து ஃபோல்டரை எட்டிப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும்.

ஸ்நாப் வீட்டுக்கே வரும் கேரியர். மாற்றிய மெனு நீங்கள் கேட்காமலே வந்துவிடும், அதாவது தானே அப்டேட் ஆகிக்கொள்ளும். சர்வரிலும் ஓடும், திரையே இல்லாத மெஷினிலும் ஓடும். ஆனால் சமையலறை ஒன்றே ஒன்றுதான், அதை நடத்துவது ஒரே கம்பெனி. இது சிலருக்கு நிம்மதி, சிலருக்கு எரிச்சல்.

ஒரு ஆப்பை மூன்று வடிவிலும் போட்டால் என்ன ஆகும்? மூன்றும் ஓடும். ஒன்றுக்கொன்று சண்டையே போடாது. ஏனென்றால் ஒன்று இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. ஒவ்வொன்றும் தன் விவரங்களைத் தனி இடத்தில் வைத்துக்கொள்ளும்.

சரி, மற்ற இரண்டும் எப்படி வந்தன? டீச்சர் சொல்லச் சொல்ல எனக்கு ஆட்கள் யாரென்று புரிந்துவிட்டது.

ஞாயிறு காலைகளில் லஸ் பக்கத்துப் பூங்காவில் கூடும் லினக்ஸ் கோஷ்டி ஒன்று எங்களுக்கு உண்டு. நடப்பதாகச் சொல்லிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து பேசுவோம். அதில் சலீம் பாய் ஒருவர். ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை, அவர் தாத்தா காலத்திலிருந்து. இன்னொருவன் குமார். ஆதம்பாக்கத்தில் வீடு, சாஃப்ட்வேர் வேலை, டீச்சரின் பழைய மாணவன்.

சாருக்குப் புதுக் கண்ணாடி மாட்டிவிட சலீம் பாய் வீட்டுக்கே வந்திருக்கிறார். என் ஆப்இமேஜைப் பார்த்திருக்கிறார். இது அப்டேட்டே ஆகாதே என்று மனசு கேட்காமல், ஒரு ஃப்ளாட்பேக் போட்டுக் கொடுத்து, சொற்களையெல்லாம் என்னுடையதிலிருந்து நகல் எடுத்து அதில் இறக்கியிருக்கிறார். என்னுடையதை அழிக்கவில்லை. சிறிது நாள் கழித்து டீச்சரைப் பார்க்க வந்த குமார் இரண்டையும் பார்த்திருக்கிறான். இரண்டுமே பழைய பதிப்பு என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு ஸ்நாப் போட்டான். அதிலும் சொற்களை நகல் எடுத்து வைத்தான். அவனும் எதையும் அழிக்கவில்லை.

ஆரம்பத்தில் மூன்றிலும் ஒரே சொற்கள். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"சரி டீச்சர், இதுல நீங்க தினமும் திறக்கறது எது?" என்று கேட்டேன்.

"மூணும்தான்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ஒரு நாள் உங்களோடது, மறுநாள் பாயோடது, அதுக்கு மறுநாள் குமாரோடது. நீங்க மூணு பேரும் இவருக்காக மெனக்கெட்டு வந்து பண்ணினது. ஒண்ணை மட்டும் தொட்டுண்டு மத்ததை விட்டா நன்னாவா இருக்கும்?"

டீச்சர் தொடர்ந்தார். நாங்கள் மூவரும் வாரம் தவறாமல் போன் செய்து, நான் போட்டது எப்படி ஓடுகிறது என்று கேட்போமாம். உண்மை. நான் கேட்டதுண்டு. டீச்சர் பொய் சொல்கிறவரில்லை. மூன்று பேருக்கும் 'நன்றாக ஓடுகிறது' என்று மனசாட்சியோடு சொல்ல வேண்டுமானால் மூன்றையும் ஓட்டித்தானே ஆக வேண்டும்? அதனால் முறை வைத்துத் திறந்திருக்கிறார். சொந்தக்காரர்கள் மூன்று வீட்டுக்கும் பொங்கலுக்குப் பொங்கல் மனத்தாங்கல் வராமல் போய்வருகிற மாதிரி.

"மூணு வாசல், உள்ளே ஒரே ஆம்னு நெனச்சேன்" என்றார். "இல்லையா?"

இல்லை டீச்சர். மூன்று வாசல், மூன்று வீடு.

திங்கட்கிழமை 'சாவி' என்று சார் சொன்னதை என் டப்பா குறித்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை திறந்த பாய் டப்பாவுக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு 'சாவி புதுசு' என்று நீட்டுகிறது. ஒரு நாள் டீச்சர் புதிதாகச் சேர்த்த கொத்தமல்லி குமார் டப்பாவில் மட்டும் இருக்கிறது. மற்ற இரண்டிலும் அது முளைக்கவே இல்லை. சார் எதையும் மறக்கவில்லை. மூன்று டப்பாக்கள் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொண்டு அவரைத் தினமும் ஃபெயில் ஆக்கியிருக்கின்றன.

முப்பது வருஷம் கணக்கு நடத்திய டீச்சர் இதைக் கேட்டதும் அடுப்பை அணைத்தார். அப்புறம் நேராக ஹாலுக்குப் போய் சாரின் எதிரில் குனிந்து சொன்னார்.

"நீங்க ஒண்ணும் மறக்கலை. கேக்கறேளா? இவா மூணு பேரும் மூணு இடத்துல வெச்சுட்டா. உங்க மேல ஒரு தப்பும் இல்லை."

சார் அவரைப் பார்த்தார். நம்பவில்லை என்று எனக்கே தெரிந்தது. ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து அவரிடம் எல்லோரும் ஆறுதலாகத்தானே பேசுகிறார்கள்? இதுவும் அந்த வகை என்று நினைத்திருப்பார். மறுபடி தெருவைப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் இருவருக்கும் போன் செய்தேன். எங்கே இருக்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள் என்றெல்லாம் கேட்கவில்லை. டீச்சர் வீட்டுக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். பூங்காவில்தான் இருந்தார்கள். உடனே வந்துவிட்டார்கள்.

சலீம் பாய்க்கு விஷயம் புரிந்ததும் முகம் தொங்கிவிட்டது. "இன்னா சார் இது... நான் வந்த அன்னிக்கே உங்களுது எடுத்துட்ருக்கணும். உங்க கைவேல ஆச்சே, நம்ம எப்டி எடுக்கறதுன்னு வுட்டுட்டேன்" என்றார். குமாரும் அதையேதான் சொன்னான். இரண்டு பெரியவர்கள் போட்டது, அதை நீக்க எனக்கு என்ன உரிமை என்று விட்டுவிட்டானாம்.

நான் அவர்களைத் திட்டலாமென்றுதான் இருந்தேன். முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் இதில் ஒருத்தர்கூடக் கெட்டது நினைக்கவில்லை. பாய் எனக்கு மரியாதை கொடுத்தார். குமார் எங்கள் இரண்டு பேருக்கும் மரியாதை கொடுத்தான். டீச்சர் மூன்று பேருக்கும் மரியாதை கொடுத்தார். இவ்வளவு மரியாதையையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டது சார். நம் ஊரில் பாதிக் காரியங்கள் இப்படித்தான் கெட்டுப்போகின்றன என்று நினைக்கிறேன். அபார்ட்மென்ட் மீட்டிங்கில் யாருடைய யோசனையையும் தள்ளக் கூடாது என்று எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வோமே... அப்புறம் மாடியில் மூன்று தண்ணீர் டேங்க் நிற்கும், ஒன்றிலும் தண்ணீர் இருக்காது.

வேலையை ஆரம்பித்தோம். மூன்று டப்பாவின் விவரங்களும் பத்திரமாக இருந்தன. என்னுடையது ஹோம் ஃபோல்டரிலேயே, பாயுடையது மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டருக்குள், குமாருடையது ஸ்நாப் என்றே பெயர் போட்ட ஃபோல்டருக்குள். மூன்றிலிருந்தும் எடுத்து ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஒரு சொல்லை எந்த டப்பாவில் சார் நன்றாகச் சொல்லியிருக்கிறாரோ அந்தக் கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். குமார் அதற்கு ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் எழுதினான். ஓட்டினான். வந்துவிட்டது. எல்லாச் சொற்களும் ஒரே மூட்டையாக.

இனி அதை ஒரு டப்பாவில் போட வேண்டியதுதான் பாக்கி.

எந்த டப்பாவில்?

இந்த இடத்தில் மூன்று பேரும் நாற்காலியை விட்டு எழுந்தோம். ஏன் எழுந்தோம் என்று தெரியவில்லை. லினக்ஸ்காரர்களுக்கு இந்தக் கேள்வியை உட்கார்ந்தபடி பேச வராது.

ஆப்இமேஜிலேயே இருக்கட்டும் என்று நான் நிதானமாகத்தான் ஆரம்பித்தேன். ஒரே ஃபைல், பென் டிரைவில் போட்டு வேறு லேப்டாப்புக்குக்கூடக் கொண்டுபோகலாம், நாளைக்கு அடையாறுக்கே எடுத்துப் போகலாமே என்றேன். ஆப் மட்டும்தானே போகும், சொற்கள் இங்கேயே ஹோம் ஃபோல்டரில் கிடக்குமே என்றான் குமார். இது அநாவசியமான குறுக்கீடு. மேலும், உங்கள் டப்பாவுக்குத் தேவையான ஒரு சாமான் புது லினக்ஸ்களில் வருவதே இல்லை, தேடிப் போட வேண்டும் என்றும் சொன்னான். அதற்கு நான் சொன்ன பதில் அவ்வளவு பண்பானதல்ல.

பாய் ஃப்ளாட்பேக்கை விட்டுக் கொடுக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் இன்னா வேணா சொல்லுங்க சார். டெஸ்க்டாப்புக்குன்னே செஞ்சது இது ஒண்ணுதான் கீது. அந்த ஆப் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாதுன்னு நம்ம கைல கீது" என்றார். அந்தப் பொதுச் சாமான்கள் மட்டும் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன தெரியுமா, பழையது போகாமல் புதுசு வந்து உட்கார்ந்துகொண்டே இருக்கிறதே என்றேன் நான். பழைய லேப்டாப்புக்கு அது தாங்குமா என்று குமாரும் சேர்ந்துகொண்டான். ஒரு நிமிஷம் நானும் குமாரும் ஒரே கட்சியில் இருந்தோம்.

அது நீடிக்கவில்லை. ஸ்நாப்தான் மிஸ்ஸுக்குச் சரி, எதுவும் செய்ய வேண்டாம், அதுவே அப்டேட் ஆகிவிடும் என்றான் குமார். அதுவே அப்டேட் ஆகும் என்பதுதானே பிரச்னை என்றேன். அந்தக் கடைக்கு ஒரே ஒரு முதலாளிதானே, நாளைக்கு அவன் கடையை மூடினால் எங்கே போவாய் என்றார் பாய். மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கிறவர் அவர். முதலாளிகளைப் பற்றித் தெரியும். சொற்களுக்குக் குரல் பதிய மைக்குக்குத் தனியாக அனுமதி கொடுக்க வேண்டுமே, டீச்சருக்கு அதெல்லாம் தெரியுமா என்றேன் நான். அது பாதுகாப்பு சார் என்றான் குமார். உங்கள் ஆப்இமேஜில் அந்தப் பாதுகாப்பு எங்கே என்று திருப்பிக் கேட்டான். பாய், எங்களிடம் அதுவும் உண்டு என்றார்.

குரல் கொஞ்சம் ஏறியது. கொஞ்சம் என்ன, நன்றாகவே ஏறியது. எதிர் ஃப்ளாட்டில் ஒரு ஜன்னல் திறந்தது. டீச்சர் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யார் மனசும் நோகாமல் இதை எப்படி முடிப்பது என்று அவர் யோசிப்பது முகத்தில் அப்படியே தெரிந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டால் நான்காவதாக ஒன்றைப் போட்டு எங்களைச் சமாதானப்படுத்தியிருப்பார்.

இத்தனைக்கும் நாங்கள் நின்றது சாரின் நாற்காலிக்கு நேர் எதிரில். அவருடைய சொற்கள், அவருடைய பயிற்சி, அவருடைய வீடு. அவரைத் தாண்டி, அவர் தலைக்கு மேலே, நாங்கள் மூன்று பேரும் கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒருத்தராவது அவர் பக்கம் திரும்பி உங்களுக்கு எது வேண்டும் சார் என்று கேட்டோமா? பேச முடியாதவரிடம் என்ன கேட்பது என்று நினைத்துவிட்டோம். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் மறுபடி ஆப்இமேஜின் பெருமையை எடுத்தேன். பாய் குறுக்கே வந்தார். குமார் அவருக்கும் குறுக்கே வந்தான்.

"போதும்."

முதலில் யார் சொன்னது என்று தெரியவில்லை. டீச்சர் என்றுதான் நினைத்தேன். டீச்சரோ சாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது. இடது கை எங்களை நோக்கி நீண்டிருந்தது. உதட்டைக் குவித்துப் போராடவெல்லாம் இல்லை. அது பாட்டுக்கு வந்துவிட்டது. பழைய ராமநாதன் சார் கஸ்டமர் கேர்க்காரர்களிடம் பேசும் அதே தொனி.

சாருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். ருசி பார்ப்பதுபோல் வாயை மெல்ல அசைத்துவிட்டு, இன்னொரு தடவை, இந்தத் தடவை நிதானமாக, "போதும்" என்றார்.

சலீம் பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குமார் சுவரைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். அன்றைக்கு அந்த வீட்டில் பேச்சு வராமல் நின்றவர்கள் நாங்கள்தான்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, வழியட்டும் என்று விட்டுவிட்டார். மூன்று ஐகான்களில் ஒன்றைத் தொட்டார். யாரிடமும் கேட்கவில்லை, யார் மனசு நோகும் என்றும் பார்க்கவில்லை. "இது இருக்கட்டும். மத்த ரெண்டையும் எடுத்துடு குமார்" என்றார். அவன் எடுத்தான். சொல் மூட்டையை அந்த ஒன்றில் இறக்கினான்.

அது எந்த டப்பா என்று எழுத மாட்டேன். மூன்று கட்சிக்காரர்களும் இந்தப் பத்தியைப் படிக்கிறார்கள்.

டீச்சர் லேப்டாப்பைச் சாரின் மடியில் வைத்தார். பச்சைக் கோடு திரையின் அந்தக் கடைசி வரை போயிருந்தது. சார் அதைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். இந்தத் தடவை டீச்சர் சொன்னதை நம்பினார். கோட்டின் மேல் இடது கை விரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக இழுத்தார். நாளைக்கு அடையாறு போகலாமா என்று டீச்சர் கேட்டதற்குத் தலையை ஆட்டினார், நன்றாகவே ஆட்டினார்.

நாங்கள் செருப்பு மாட்டிக்கொள்ளக் கிளம்பினோம். அப்போதுதான் டீச்சருக்கு ஞாபகம் வந்தது. 'போதும்' எந்த டப்பாவிலும் இல்லாத சொல். உடனே புது அட்டை ஒன்றைத் திறந்து அதை டைப் செய்தார். குரல் பதிவுக்கு மைக்கைச் சாரின் பக்கம் திருப்பினார். இதுவரை எல்லா அட்டைகளிலும் டீச்சரின் குரல்தான், இந்த ஒன்றில் மட்டும் சாருடையது. ஒரே தடவையில் சொல்லிவிட்டார்.

அப்புறம் அந்த ஆப் படம் கேட்டது. சாவிக்குச் சாவி படம், கொத்தமல்லிக்குக் கொத்தமல்லி படம். இந்தச் சொல்லுக்கு என்ன படம் போடுவது?

டீச்சர் போனை எடுத்து எங்கள் பக்கம் நீட்டினார்.

"மூணு பேரும் அப்படியே நில்லுங்கோ. சிரிக்கப்படாது... சித்த முன்னாடி எப்படி நின்னுண்டிருந்தேளோ அப்படி."